மழைத் துணைக்குழு

திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்தில் துணி வெளுத்தவர். அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதே அவருக்கு வழிபாடு. ஒருநாள் கிழவர் ஒருவர் கந்தல் ஒன்றைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வேண்டும், இல்லாவிட்டால் குளிர் தாங்காது என்றார். தொண்டர் ஒப்புக்கொண்டார். துவைத்தார். மழை பிடித்துக்கொண்டது. பொழுதும் சாய்ந்தது. சொன்ன சொல் போயிற்றே என்று துவைக்கிற கல்லில் தலையை மோதிக்கொண்டார். கல்லுக்குள்ளிருந்து ஒரு கை வந்து தடுத்தது. கதை இவ்வளவுதான்.

இதைக் கொண்டாட மயிலாப்பூரில் ஒரு தெருவில் ஒரு பேரவையும் பதினொரு துணைக்குழுக்களும் இருக்கின்றன.

பேரவையின் முழுப்பெயர் திருக்குறிப்புத் தொண்டர் திருநாள் ஒருங்கிணைப்புப் பேரவை. ஒவ்வொரு சித்திரை சுவாதியன்றும் அது தெருவை இருபுறமும் அடைத்துப் பந்தல் போடும், மேடை போடும், பேசும். இப்படி எட்டு ஆண்டுகள் பேசியாயிற்று. ஒன்பதாம் ஆண்டு, சாப்பாட்டுப் பந்தியில், வெளியூர் விருந்தாளி ஒருவர் ரசம் கேட்கிற குரலிலேயே ஒரு கேள்வி கேட்டுவிட்டார்: "இந்தத் தெருவுல துணி தேய்க்கிறவர் யாராவது இருக்காரா?"

கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது. ஏழு மாதத்தில் அது பதினான்காம் எண் தீர்மானமாக வெளிவந்தது. அதாவது, இனி ஆண்டுதோறும் துணி தொடர்பான தொண்டர் ஒருவரை மேடையில் கௌரவிப்பது.

தெருமுனைப் புங்கமரத்தடியில் கணேசமூர்த்தி பத்தொன்பது வருடமாக இஸ்திரி வண்டி வைத்திருந்தார். பேரவையின் உறுப்பினர்கள் எல்லோருடைய சட்டையும் அந்த வண்டியில்தான் மடிப்பு பெற்றது. ஆனாலும் அவரைக் கண்டுபிடிக்க ஒரு தேடல் துணைக்குழு அமைக்கப்பட்டு, அது இரண்டு முறை கூடியது. இரண்டாவது முறை கூடியபோது ஒருவர் சட்டையை வாங்கிக்கொண்டு வரத் தாமதமாகிவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

சேதி சொல்ல வந்தவர் ஸ்ரீவத்சன். வங்கியில் ஓய்வு பெற்றவர், பேரவைக்கு இணைச்செயலர், தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலர்.

"கணேசா, உனக்கு ஒரு நல்ல சேதி. உன்னை மேடையில கௌரவம் பண்ணப்போறோம்."

"இன்னாத்துக்கு சார்?"

"நீ துணி தேய்க்கறியோன்னோ, அதுக்கு."

"அது தெனமும் தேச்சிக்கினுதானே கீறேன்?"

"அதான். அதுக்குத்தான்."

கணேசமூர்த்திக்கு இது விளங்கவில்லை. ஆனால் தெருவில் பாதிப்பேர் துணைக்குழுக்களில் இருந்தார்கள். அந்தப் பாதிப்பேரின் துணியும் வண்டியில் இருந்தது. சரி என்றார்.

ஸ்ரீவத்சன் ஒரு படிவத்தை எடுத்தார். பெயர், வயது, தொண்டில் ஈடுபட்ட ஆண்டுகள். எட்டாவது கட்டம்வரை தடையில்லாமல் போயிற்று. ஒன்பதாவது கட்டத்தில், விண்ணப்பதாரர் இத்தெருவில்தான் தொழில் செய்கிறார் என்பதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் சான்று வேண்டும் என்றிருந்தது.

"இது குடுக்க முடியாதேப்பா."

"யாரு சார் குடுக்கணும்?"

"நான்தான்."

"அப்ப குடுத்துடுங்க சார்."

"எப்டிக் குடுக்கறது? சங்கத்து ரெக்கார்டுல உன் வண்டியே கிடையாது. அனுமதி இல்லாத வண்டி இருக்குன்னு நானே எழுதிக் குடுத்தா நாளைக்கு என்னை யாராவது கேக்க மாட்டாளா?" இதைச் சொல்லும்போது அவர் அந்த வண்டியின்மேல்தான் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்பதாவது கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதி முடித்தார்.

பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒரே நாளில், ஒரே ஆள் கொண்டுவந்து கொடுத்தார். முதல் கடிதம் பேரவையுடையது. 'திருவாளர் கணேசமூர்த்தி அவர்கள், விழா நாளன்று காலை ஒன்பதரை மணிக்குத் தமது வண்டியின் அருகே, பணியில் இருக்கும் கோலத்தில் காத்திருக்க வேண்டியது. மேளதாளத்துடன் அழைத்துச் செல்லப்படுவார்.' இரண்டாவது சங்கத்துடையது. 'விழாவை முன்னிட்டு, புங்கமரத்தடியில் உள்ள ஆக்கிரமிப்பு அன்று காலை ஒன்பது மணிக்குள் அகற்றப்பட வேண்டியது.' இரண்டிலும் ஸ்ரீவத்சனின் கையெழுத்து. ஒரே பேனா.

கணேசமூர்த்தியின் மனைவி செண்பகம் பத்தாவது வரை படித்தவள். இரண்டையும் இரண்டு தடவை படித்தாள்.

"ஒம்போதரைக்கு வண்டிகிட்ட நிக்கணுமாம். ஒம்போது மணிக்கே வண்டி இருக்கக்கூடாதாம். எதும்மேல சாஞ்சிக்கினு நிப்ப நீ?"

"பெரியவங்க. ஏதாவது யோசிச்சித்தான் எழுதியிருப்பாங்க."

"ஆமா, யோசிச்சாங்க. துணி தேய்க்கிறவன கௌரவிக்க மொதல்ல துணி தேய்க்க உடாம பண்ணணும்னு யோசிச்சிக்கீறாங்க."

கணேசமூர்த்தி போய்க் கேட்டார். ஸ்ரீவத்சன் பொறுமையாக விளக்கினார். "ரெண்டும் வேற வேற பொறுப்பு கணேசா. சங்கத்து விஷயத்துல பேரவை தலையிடப்படாது. பேரவை விஷயத்துல சங்கம் தலையிடப்படாது. நான் அதுல ரொம்ப கறார்."

விழா நாள் வந்தது. கத்திரி பிறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. வெயிலுக்கு அது தெரிவிக்கப்படவில்லை.

காலை எட்டே முக்காலுக்கு ஷாகிரா வந்தாள். பின் தெருவில் குடியிருக்கிற பெண். தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். கையில் கடையின் சீருடைப் புடவை: கத்திரிப்பூ நிறம், அரக்குக் கரை, கஞ்சி போட்டு உலர்த்தியது.

"அண்ணே, மூணு மணிக்குள்ள வேணும். மறந்துடாதீங்க. இன்னியோட மூணு மாசம் முடியுது. நாலு மணிக்கு உள்ள இருக்கணும், நிரந்தரம் பண்றவங்கள மேனேஜர் கூப்டுவாரு. வாசல்ல மடிப்பு பாத்துத்தான் உள்ள விடுவாங்க."

"இன்னொரு புடவை இல்லியாம்மா, ஒரு அவசரத்துக்கு?"

"நிரந்தரம் ஆனாத்தான் ரெண்டாவது குடுப்பாங்க ண்ணே. அதுவரைக்கும் ஒண்ணுதான்."

"பன்னண்டுக்கே குடுத்துடறேன் போ."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் இஸ்திரிப் பெட்டியில் கொட்டாங்குச்சியைப் போட்டுத் தீக்குச்சி உரசினார். பந்தல் துணைக்குழுவைச் சேர்ந்த இருவர் ஓடிவந்து ஊதி அணைத்தார்கள். பந்தலிலிருந்து ஐம்பது அடிக்குள் நெருப்புக் கூடாது என்பது விதி. ஒன்பது மணிக்கு வண்டியை ஒரு 'குட்டியானை' சரக்கு வேனில் ஏற்றி, சங்கத்தின் கார் ஷெட்டில் வைத்துப் பூட்டினார்கள். சாவி ஸ்ரீவத்சனின் இடுப்புக்குப் போயிற்று. இஸ்திரிப் பெட்டியை மட்டும் மேடைக்குக் கொண்டுவரும்படி சொன்னார்கள்; காட்சிக்கு வேண்டுமாம். ஷாகிராவின் புடவையை மஞ்சள் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொண்டார் கணேசமூர்த்தி. ஒன்பதரைக்கு மேளதாளம் வந்தது. வண்டி இல்லாத இடத்தின் அருகில் நின்றிருந்த அவரை அழைத்துக்கொண்டு போயிற்று.

மேடையின் நடுவில் நான்கடி உயரத்துக்கு ஒரு தெர்மாகோல் இஸ்திரிப் பெட்டி, தங்க நிறத்தில். அதன் நான்கு மூலையிலும் அரை ஆள் உயரத் தூபக்கால்கள். கொட்டாங்குச்சிக் கங்கு போட்டு, சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. நெருப்பு விதியிலிருந்து பக்திக்கு விலக்கு உண்டு.

நிகழ்ச்சி நிரலில் கணேசமூர்த்தி இருபத்து மூன்றாவது எண். பதினொன்றரை மணிக்கு நான்காவது எண் நடந்துகொண்டிருந்தது. அவர் எழுந்தார்.

"சார், அரை மணி நேரம் போய்ட்டு வந்துடறேன். ஒரு புடவை தேச்சிக் குடுக்கணும். கார் ஷெட் சாவி குடுங்க."

"இன்னிக்கு உன்னை கௌரவிக்கற நாள். இன்னிக்குப் போய் துணி தேய்க்கறேங்கறியே, நன்னாயிருக்கா? மேடைய விட்டு எறங்கறதுன்னா மேடைத் துணைக்குழு அமைப்பாளர்ட்ட எழுதிக் குடுக்கணும்."

"அவரு எங்க சார்?"

"அவர் வரலை. அவாத்துல விசேஷம்."

பேரவைத் தலைவர் ஸ்ரீரங்கன் பேச எழுந்தார். அரசுச் செயலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பெருமக்களே! சொன்ன நேரத்தில் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு அரிய செயல் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் முப்பத்தாறு ஆண்டு பணிக்காலத்தில் ஒரு கோப்பைக்கூட நான் சொன்ன தேதியில் திருப்பி அனுப்பியதில்லை. அவ்வளவு கடினம் அது! அதைச் செய்ய முடியாமற் போனதற்காக ஒருவர் தலையைக் கல்லில் மோதிக்கொண்டார் என்றால், அவரை நாம் மதிக்காமல் இருக்க முடியுமா? இன்று அப்படி யார் இருக்கிறார்கள்? காட்டுங்கள்! ஒருவரைக் காட்டுங்கள்!"

ஒருவர் மேடையிலேயே எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொண்டர்படைப் பையன்கள் இருவர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

பன்னிரண்டு மணி போயிற்று. சிறப்பு விருந்தினர் தேனாம்பேட்டை சிக்னலில் இருப்பதாக மூன்று முறை அறிவிக்கப்பட்டது. மூன்று முறையும் கைதட்டினார்கள். ஒரு மணிக்கு அவர் வந்தார், வந்த வேகத்தில் பேசினார்.

"துணி தேய்ப்பவர்களோடு எனக்கு நெருங்கிய உறவு உண்டு. எங்கள் வீட்டுக்குப் பதினைந்து வருடமாக ஒருவர் வருகிறார். அவர் பெயர்..." மேடையைச் சுற்றிப் பார்த்தார். "பெயர் இப்போது ஞாபகம் வரவில்லை. தங்கமான மனிதர். அவரை நான் என் குடும்பத்தில் ஒருவராகவே நினைக்கிறேன்."

கீழே முன்வரிசைக் கயிற்றுக்கு அப்பால் செண்பகம் வந்து நின்றாள். பக்கத்தில் ஷாகிரா. ஷாகிரா தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். கணேசமூர்த்தி மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே மக்கள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றே முக்காலுக்கு 'பணியில் இருக்கும் கோலம்' நடந்தது. சிறப்பு விருந்தினரின் அங்கவஸ்திரத்தை மேசையில் விரித்து, கணேசமூர்த்தியைத் தேய்க்கச் சொன்னார்கள்.

"பொட்டி பச்சத்தண்ணியாட்டம் கீது சார். சூடு இல்லாம மடிப்பு நிக்காது."

"நிக்க வேண்டாம்ப்பா. போட்டோவுக்குத்தான்."

குளிர்ந்த பெட்டியை இருபது முறை அங்கவஸ்திரத்தின்மேல் ஓட்டினார். புகைப்படக்காரர் வெளிச்சம் போதவில்லை என்று சொன்னதால் இன்னும் இருபது முறை. அங்கவஸ்திரம் முன்னைவிடக் கசங்கியது. பலத்த கைதட்டல்.

"இதையே அந்தப் புடவைக்கு சூடு பண்ணித் தேச்சிருந்தா முடிஞ்சிருக்கும் சார்," என்றார் ஸ்ரீவத்சனிடம் மெதுவாக.

"இருபத்து மூணாவது நம்பர் நெருங்கிண்டிருக்கு. இப்பப் போய் தொந்தரவு பண்ணாதே. அடுத்தது மழை."

மழை பதினேழாவது எண். தொண்டர் துவைத்த துணி காயும் முன் மழை வருகிற காட்சி. அதற்கென மழைத் துணைக்குழு என்று ஒன்று தனியாக இருந்தது. அமைப்பாளர் நீரஜா, பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் திட்ட மேலாளர். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தெருவின் மறுமுனையில் தண்ணீர் லாரி நின்றது. பந்தலின் உச்சியில் குழாய் ஓடி, மேடைக்கு மேலே துளைகளோடு நின்றது.

கணேசமூர்த்தி குழாயைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "அம்மா, என் மடியில ஒரு புடவை கீதும்மா. நான் எறங்கிக்கிறேன், அப்பால மழைய விடுங்க."

"ஐயோ, நீங்க எறங்கினா ஃப்ரேம் காலியாயிடும் அங்கிள். பயப்படாதீங்க, லேசான தூறல்தான். லாரி புக் பண்ணவே ஆறு நாள் ஆச்சு, பெய்யாம எப்டி?"

தெருவில் அன்று காலையிலிருந்து எந்த வீட்டிலும் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேடையில் மழை பெய்தது. லேசான தூறலாகத்தான் தொடங்கியது. பிறகு லாரிக்காரர் மோட்டாரின் முழு வேகத்தையும் கண்டுபிடித்தார். தொண்டர் வேடம் போட்டவர் ரப்பர் கல்லில் தலையை மோதினார். கல்லுக்குள்ளிருந்து வரவேண்டிய அட்டைக் கை நனைந்து, மணிக்கட்டில் மடிந்து தொங்கியது. யாரையும் தடுக்கவில்லை. சிறப்பு விருந்தினருக்குக் குடை பிடிக்க மட்டும் நான்கு பேர் இருந்தார்கள்.

மழை நின்றபோது மணி இரண்டு இருபது. கணேசமூர்த்தி மஞ்சள் பையைக் குப்புறச் சாய்த்தார். தண்ணீர் கொட்டியது. புடவையை எடுத்துப் பார்த்தார். கஞ்சி கரைந்து, கரையின் அரக்குச் சாயம் கையில் ஒட்டிற்று.

கீழே ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. "உடுங்க ண்ணே," என்று அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அந்த 'உடுங்க'தான் அவரைத் தாங்கமுடியாமல் செய்தது. பத்தொன்பது வருடத்தில் ஒருவருக்கும் அவரிடம் அப்படிச் சொல்ல நேர்ந்ததில்லை.

"யோவ்!" செண்பகம் கயிற்றைத் தாண்டியே வந்துவிட்டாள். "மரமாட்டம் நிக்கறியே! உன் பக்கத்துல நாலு அடுப்பு எரிஞ்சிக்கினு கீது, தெரியல?"

அவர் திரும்பினார். பந்தல் துணைக்குழு தூபக்கால்களுக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தது. மேடையில் நனையாமல் இருந்தவை அந்த நான்கும், சிறப்பு விருந்தினரும்தான். தூபக்கால்களில் கொட்டாங்குச்சிக் கங்கு கனன்றுகொண்டிருந்தது. அவர் வண்டியில் போடுவதும் அதே கொட்டாங்குச்சிதான்.

இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். சாம்பிராணிக் கரண்டியால் முதல் தூபக்காலின் கங்கை அள்ளிப் போட்டார். இரண்டாவதையும். மூன்றாவதற்குப் போகும்போது ஸ்ரீவத்சன் ஓடிவந்தார்.

"கணேசா! என்ன பண்றே? சாமி நெருப்பு அது!"

"சாமியும் துணிக்காரருதானே சார்."

பெட்டியை நாலு வீசு வீசினார். கங்கு சிவந்தது. சிறப்பு விருந்தினரின் மேசைமேல் இருந்த பூங்கொத்து, தண்ணீர்ப் போத்தல், நினைவுப்பரிசு எல்லாவற்றையும் செண்பகம் ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள். புடவையை முறுக்கிப் பிழிந்து உதறினார்கள், ஆளுக்கொரு முனை. மேசையில் விரித்தார்கள். பெட்டி துணியைத் தொட்டது. புஸ்ஸென்று ஆவி எழுந்தது. மேடையெங்கும் சாம்பிராணியும் சுடுதுணியும் கலந்த மணம்.

கூட்டம் இதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்றே நினைத்தது. முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். தலைவர் ஸ்ரீரங்கன் நிலைமையைச் சமாளிக்க ஒலிபெருக்கியைப் பிடித்து, "பாருங்கள், எவ்வளவு தத்ரூபம்!" என்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், பார்டர் தேய்க்கணும்," என்றார் கணேசமூர்த்தி.

தலைவர் தள்ளி நின்றார்.

நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை. பிறகு கொசுவம் ஏழையும் விரலால் அளந்து எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் பெட்டியை நிறுத்தி எடுத்தார். நடுவில் இருந்த ஐந்து எண்களைத் தள்ளிவைத்து, இருபத்து மூன்றாவது எண் அறிவிக்கப்பட்டது. அவர் நிமிரவில்லை. இரண்டாவது முறையும் அறிவிக்கப்பட்டது. முந்தானையை மடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை அறிவித்தபோது அவர் மேடையின் விளிம்பில் மண்டியிட்டு, கீழே நீட்டியிருந்த இரண்டு கைகளில் புடவையை வைத்துக்கொண்டிருந்தார்.

"சூடு இருக்கும். நெஞ்சோட அணைச்சிக்காத, மடிப்பு கலையும். ஓடு."

மணி மூன்று ஐந்து. ஷாகிரா ஓடினாள்.

நாலரை மணிக்குச் செண்பகத்தின் கைபேசி அடித்தது. கணேசமூர்த்தி வாங்கிக் கேட்டார். "உள்ள விட்டாங்களா?"

"விட்டாங்க ண்ணே. வாசல்ல சூப்பர்வைசரம்மா மோந்து பாத்துட்டு, இன்னாடி கோயில் வாசனை வருதுன்னாங்க. மடிப்ப மூணு தடவை பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. இனிமே எனக்கு ரெண்டு புடவை ண்ணே."

பேரவை அன்று மாலையே கூடி நடவடிக்கைக் குறிப்பு எழுதியது. இருபத்து மூன்றாவது எண்பற்றி அதில் உள்ள வாசகம் இது: 'துணி தேய்க்கும் தொண்டருக்கான கௌரவம், பெறவேண்டியவர் அச்சமயம் துணி தேய்த்துக்கொண்டிருந்த காரணத்தால் வழங்க இயலவில்லை. பொன்னாடை தெர்மாகோல் பெட்டிக்குப் போர்த்தப்பட்டது.' நெருப்பு விதி மீறல் தொடர்பாக ஒரு விசாரணைத் துணைக்குழுவும் அமைந்தது. துணைக்குழுக்கள் பன்னிரண்டு ஆயின.

மறுநாள் காலை புங்கமரத்தடியில் தெர்மாகோல் பெட்டி நின்றது. அதை வைக்க வேறு இடம் இல்லையாம். அடுத்த ஆண்டுவரை அங்கேதான். கணேசமூர்த்தி ஷெட்டிலிருந்து திரும்பக் கிடைத்த வண்டியைப் பின் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். பத்து மணிக்கு ஸ்ரீவத்சன் அங்கே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"ஏன்ப்பா இவ்ளோ தூரம் வந்துட்டே? எங்களுக்கு எவ்ளோ கஷ்டம்!" கையில் ஒரு பொட்டலம். பிரித்தார். நேற்றைய பொன்னாடை. மழையில் நனைந்து, காய்ந்து, ஜரிகை சுருண்டு கிடந்தது.

"அடுத்த வருஷமும் இதுதான். ஸ்டோர் துணைக்குழு இன்னிக்கே பெட்டியில வெச்சுப் பூட்டணுங்கறா. நன்னா தேச்சுக் குடுத்துடு."

"எப்ப வேணும் சார்?"

"பொழுது சாயறதுக்குள்ள."

கணேசமூர்த்தி பொன்னாடையை வாங்கி உதறினார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகமும் இல்லை. அதில் அவருக்கு நிம்மதி ஏற்படவில்லை.

"மழைத் துணைக்குழு இன்னிக்கு வேலை செய்யுதா சார்?"

ஸ்ரீவத்சன் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. இனிமே அடுத்த சித்திரையிலதான் கூடும்."

"அப்ப குடுத்துடறேன் சார்," என்று சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கங்கை ஊதத் தொடங்கினார்.